நிமிர்ந்து நிற்க ஒரு வேன்

அத்தியாயம் பதினொன்று

"இந்த ஊருக்கு இந்த வண்டி ஒத்து வராது."

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கண்ணாடி முன் நின்று இலோனா இதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள். பொய் மாதிரி ஒலிக்கவில்லை. பாதி உண்மைதான். அதுதான் வசதியாக இருந்தது.

பிப்ரவரியில் அவள் ஜெர்மனியின் கொலோன் நகரத்திலிருந்து அமெரிக்காவின் டொலிடோவுக்கு, பிறந்த வீட்டுக்கு, திரும்பி வந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். ஐரோப்பாவில் தெருவுக்குத் தெரு ஓடுகிற ஒல்லியான, உயரமான சரக்கு வேன் அமெரிக்காவில் விலை போகுமா? வெவ்வேறு தொழில் செய்கிற நாற்பது பேரிடம் எட்டு வாரம் ஓட்டக் கொடுத்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு, வண்டிக் கம்பெனியின் டெட்ராய்ட் அலுவலகத்துக்கு ஒரு பரிந்துரை அனுப்ப வேண்டும். இன்று மாலை நாலு மணிக்குள்.

'பொருந்தும்' என்று எழுதினால் வேலை இங்கேயே தொடரும். குறைந்தது மூன்று வருடம். பொறுப்பு அவளுக்குத்தான் என்று மேலதிகாரி சொல்லியே விட்டார்.

'பொருந்தாது' என்று எழுதினால் பெட்டியைக் கட்டலாம். கொலோனில் ஹென்னிங் இருக்கிறான்.

ஹென்னிங் தச்சன். வீடுகளுக்குச் சமையலறை அலமாரி செய்து மாட்டுகிறவன். ஆய்வுக்காக அவனுடைய வேனில் ஒரு நாள் ஏறியவள், மறுநாளும் ஏறினாள். பிறகு எந்த ஆய்வும் இல்லாமல் ஏறினாள். அவனுக்கு முதல் கல்யாணத்தில் பிறந்த எட்டு வயது மகள் ஃபென்யா ஒரு வாரம் தாயிடமும் ஒரு வாரம் இவனிடமும் இருப்பாள். அந்தக் குழந்தையை விட்டு அவன் கடல் தாண்டி வர வழியில்லை. இவளும் ஒரு நாளும் கேட்டதில்லை.

ஃபென்யா இருக்கும் வாரங்களில் வேனின் பின்பக்கம் மெத்தை விரித்து, மூவரும் ஹாலந்து கடற்கரைக்குப் போவார்கள். மழை வந்தால் கூரைத் தகரத்தில் பொரி பொரிவது போல் சத்தம் கேட்கும். டொலிடோவில், அம்மா விரித்து வைத்த மெத்தென்ற படுக்கையில், இலோனாவுக்கு எட்டு மாதமாகச் சரியான தூக்கம் இல்லை.

கீழே அடுப்படியில் அம்மா லொரெட்டா ரொட்டியை வாட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்குத்தானே பரீட்சை முடியுது?"

"பரீட்சை வண்டிக்கும்மா. எனக்கு இல்ல."

"ரெண்டும் ஒண்ணுதான். வண்டி பாஸானா நீ இங்க. ஃபெயிலானா நீ அங்க. எனக்கு இதுகூடத் தெரியாதா?" லொரெட்டா தட்டை மகள் முன் தள்ளினாள். "உன் ரூம் ஜன்னலுக்குத் திரை வாங்கணும். நாளையோட தள்ளுபடி முடியுது. வாங்கவா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லு."

"அம்மா."

"திரையைப் பத்திதான்டி கேக்கறேன்."

இலோனா ரொட்டியைப் பிய்த்தாள். வாயில் வைக்கவில்லை.

"அப்பா எங்க?"

"ஆறரைக்கே போயாச்சு. ஏரிப் பக்கம் ஒரு வீட்டுல வாட்டர் ஹீட்டர் மாத்தணுமாம். உன் பீரோவைத்தான் ஓட்டிட்டுப் போனான்."

'பீரோ' என்பது அப்பா எமெரி டகாச் அந்தச் சோதனை வேனுக்கு வைத்த பெயர்.

முப்பத்து நாலு வருடமாக பிளம்பர் வேலை செய்கிறவர் அவர். ஆறடி இரண்டங்குலம் உயரம். அவருடைய பழைய வேனுக்குள் தரையிலிருந்து கூரை வரை நாலரை அடிகூடக் கிடையாது. ஒரு ஸ்பேனரை எடுக்க உள்ளே போனாலும் பாதியாக மடிந்துதான் போக வேண்டும். வருடக்கணக்கில் அப்படி மடிந்து மடிந்து, வெளியே வந்த பிறகும் அவர் முழுதாக விரிவதில்லை. தேவாலயத்தில் எழுந்து நிற்கும்போதுகூட எதையோ தரையில் தேடுகிறவர் போல் நிற்பார்.

சோதனையில் அவர் சேர்ந்தது தற்செயல். பட்டியலில் இருந்த பிளம்பர் திடீரென்று ஃபுளோரிடாவுக்குக் குடிபோய்விட, வண்டி டீலர்தான் எமெரியின் பெயரை எழுதினார். தன் தகப்பனார் என்று இலோனா அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டாள். பரவாயில்லை, படிவத்தில் குறித்துவிடு என்றார்கள். முதல் மூன்று வாரம் எமெரி அந்தச் சாவியைத் தொடவே இல்லை. "காத்தடிச்சா கவுந்துரும். நிக்க வெச்ச பீரோ மாதிரி இருக்கு" என்றார். பிறகு ஒரு மழை நாளில், யாரிடமும் சொல்லாமல் எடுத்துக்கொண்டு போனார். அதன் பிறகு பழைய வேன் ஷெட்டை விட்டு வெளியே வரவில்லை.

எல்லாப் படிவங்களும் வந்துவிட்டன, அவருடையதைத் தவிர.

பத்து மணிக்கு டீலரின் மாடியறையில் உட்கார்ந்து இலோனா அவற்றை மறுபடி புரட்டினாள். ஒன்றோடு ஒன்று சண்டை போட்டன. பூக்கடைக்காரி, 'செடிகளை நிற்க வைத்தே கொண்டுபோகிறேன், ஒரு கிளை ஒடியவில்லை' என்று எழுதியிருந்தாள். புல் வெட்டும் இயந்திரங்களை இழுத்துப் போகிறவர், 'பின்னால் டிரெய்லர் மாட்டினால் மேடு ஏற அழுகிறது' என்றிருந்தார். ஆற்றுப் பாலத்தில் பக்கக் காற்று தள்ளுகிறது என்று ஏழு பேர். டீசல் போட ஊரெல்லாம் சுற்ற வேண்டியிருக்கிறது என்று ஒன்பது பேர். ஒருவருக்குப் பக்கக் கண்ணாடி உடைந்து, மாற்றுக் கண்ணாடி கடல் கடந்து வரப் பதினோரு நாள் ஆனது. வாடகை மேஜை நாற்காலி கொடுக்கிற ஒரு மனிதர் காரணம் என்ற இடத்தில் 'ஆஸ்பத்திரி பார்க்கிங்' என்று மட்டும் எழுதியிருந்தார். போனில் கேட்டதற்குச் சொன்னார்: தாழ்ந்த மேல்தளத்தில் வேனின் கூரை உரசி, பின்னால் நின்ற ஆறு கார்கள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கி, அவர் வெளியே வர முக்கால் மணி நேரம் பிடித்ததாம்.

'பொருந்தாது' என்று எழுத இது போதும். யாரும் அவளைக் குறை சொல்ல மாட்டார்கள்.

அவள் கணினியில் முதல் வரியை அடித்தாள். அழித்தாள். அப்பாவின் படிவத்தை வாங்கி வந்து முடிக்கலாம் என்று கிளம்பினாள்.

ஏரியோரத் தெருவில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. வெள்ளை வேன் ஒரு நீல வீட்டின் முன் நின்றிருந்தது. அதன் பின்கதவு இரண்டும் விரியத் திறந்திருந்தன. இலோனா தெருவின் எதிர்ப்பக்கம் காரை நிறுத்தினாள். இறங்கப் போனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே எமெரி வேலை செய்துகொண்டிருந்தார். நேராக நின்று.

வண்டிக்குள்ளேயே ஒரு பலகையை அடித்து அதில் வைஸை, குழாயை இறுக்கிப் பிடிக்கும் இரும்புப் பிடியை, பொருத்தியிருந்தார். குழாயை அதில் இறுக்கி மரை போட்டுக்கொண்டிருந்தார். வெளியே மழை, உள்ளே அவர் சட்டையில் ஒரு துளி ஈரம் இல்லை. புது வாட்டர் ஹீட்டர், படுக்க வைக்காமல், அவர் பக்கத்தில் ஒரு ஆள் மாதிரி நின்றிருந்தது. அவர் ஏதோ பாட்டைச் சுருதி தப்பிச் சீட்டியடித்துக்கொண்டிருந்தார்.

இலோனாவுக்கு முப்பத்தாறு வயது. அப்பாவின் கழுத்து இவ்வளவு நீளம் என்று அவளுக்கு இன்றுதான் தெரிந்தது.

குழாயை வைத்துவிட்டு எமெரி கையைத் தலைக்கு மேலே உயர்த்தினார். தலைக்கும் கூரைக்கும் நடுவே இருந்த வெற்றிடத்தில் உள்ளங்கையை நுழைத்துப் பார்த்தார். மாட்டின் முதுகைத் தடவுவது போல் கூரையை ஒரு தடவு தடவினார்.

அவள் இறங்கிக் கார்க் கதவைச் சாத்திய சத்தம் கேட்டது. எமெரி திரும்பினார். மகளைப் பார்த்தார். உடனே குனிந்துகொண்டார்.

கையும் களவுமாகப் பிடிபட்டவர் போல, முழங்காலை மடித்து, தோளைக் குறுக்கி, இல்லாத தாழ்ந்த கூரைக்குத் தலையைத் தாழ்த்தினார்.

"என்ன இந்த நேரத்துல?" என்றார் குனிந்தபடியே.

"ஃபாரம் வாங்க வந்தேம்ப்பா. இன்னிக்குக் கடைசி."

"முன் சீட்டுல கெடக்கு, எடுத்துக்கோ."

அவள் எடுத்தாள். இருபத்திரண்டு கேள்விகள். அவருடைய கோணல் எழுத்து. கடைசிக் கேள்வி: இந்த வண்டியை வாங்குவீர்களா? 'மாட்டேன்' என்பதில் அழுத்தி ஒரு குறி. காரணம்: காபி கப் வைக்க இடம் போதவில்லை.

"இதான் காரணமா?"

"பின்ன? நம்ம ஊரு கப்பு அதுல எறங்கவே மாட்டேங்குது. போன வாரம் பூரா மடியில கொட்டிக்கிட்டேன். ஐரோப்பாக்காரன் காபியை எங்க வெச்சுக் குடிப்பான்?"

"அவங்க வண்டியை நிறுத்திட்டு, கடையில உக்காந்து குடிப்பாங்க."

"அதான் சொல்றேன். இது நமக்கு ஒத்து வராது. நாம என்ன உக்காந்து குடிக்கிற ஜாதியா?" அவர் இன்னும் குனிந்தே இருந்தார். முகம் சிவந்திருந்தது. "போ, நனையாத. எனக்கு வேலை கெடக்கு."

அவளுக்கு அது சந்தோஷமான செய்தி. கடைசிப் படிவமும் அவள் பக்கம் விழுந்துவிட்டது. காரை எடுத்து நாலு தெரு தாண்டுவதற்குள் கண்ணில் நீர் கோத்து, சாலை கலங்கியது. ஓரமாக நிறுத்தினாள். ஒரு மனிதர், நிமிர்ந்து நிற்க இடமிருந்தும், எதற்காகக் குனிய வேண்டும்?

வீட்டுக்கு வந்தபோது லொரெட்டா கோழிக் குழம்புக்கு மாவு உருண்டைகளைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். இலோனா படிவத்தை மேஜையில் வைத்தாள். லொரெட்டா கையைத் துடைத்துவிட்டுக் கடைசிப் பக்கத்தை மட்டும் படித்தாள்.

"பொய்" என்றாள்.

"என்னம்மா?"

"உங்கப்பனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. சொன்னா இப்படித்தான், கப்பு, சாஸர்னு வரும்."

அவள் முன்னறைக்குப் போய், எமெரியின் நாற்காலி மெத்தைக்கு அடியில் கையை விட்டு ஒரு தாளை எடுத்து வந்தாள். போன ஞாயிறு தேவாலயத்தில் கொடுத்த நிகழ்ச்சி நிரல். அதன் பின்புறம் பென்சிலால் ஒரு படம். உயரமான வேனின் உள்பக்கம். இடது சுவரில் நீளக் குழாய்களுக்குத் தாங்கிகள், வலது சுவரில் அளவு வாரியாக இழுப்பறைகள், வைஸுக்கு ஒரு மூலை. நடுவே ஒரு குச்சி மனிதன். நேராக நின்றிருந்தான்.

"பிரசங்கம் நடக்கறப்ப வரைஞ்சிருக்கான்" என்றாள் லொரெட்டா. "ராத்திரி போட்டுக்கற வலி மாத்திரை மூணு வாரமா டப்பாவுல அப்படியே கெடக்கு. நான் கேக்கல, அவனும் சொல்லல."

இலோனா தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் நல்ல மனசோட இதைக் காட்டலடி" என்றாள் அம்மா, முகத்தைத் திருப்பிக்கொண்டு. "நீ இங்க இருக்கணும், அதுக்குத்தான் காட்டறேன். ஆனா காட்டறது நெஜம்."

இரண்டு மணிக்கு எமெரி சாப்பிட வந்தார். மேஜையில் படிவமும் படமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பார்த்தார். தொப்பியைக் கழற்றி மாட்டினார். கை கழுவப் போனார். வழக்கத்தைவிட நேரம் எடுத்துக் கழுவினார்.

"லொரெட்டா, உன் வேலையா இது?"

"நீ பொய் எழுதுவே, நான் பாத்துட்டு இருக்கணுமா?"

"நான் எழுதினது என் ஃபாரம்."

"அப்பா" என்றாள் இலோனா. "கேள்வி வண்டியைப் பத்திப்பா. நீங்க எனக்காகப் பதில் எழுதியிருக்கீங்க."

எமெரி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"தெனமும் மூணு மணிக்கு நீ போனை எடுத்துட்டுக் கொல்லைப் பக்கம் போற. அந்த ஊர்ல அப்ப ராத்திரி ஒம்போது மணி. நான் வீட்டுல இருக்கற நாள்ல அந்த ஜன்னல் வழியாப் பாக்கறேன். போறப்ப ஒரு மூஞ்சி, வர்றப்ப ஒரு மூஞ்சி. எட்டு மாசம்." அவர் கரண்டியை நேராக்கி வைத்தார். "குனியறது எனக்குப் பழகிடுச்சும்மா. அந்த மூஞ்சியைப் பாக்கத்தான் பழகல."

"அதுக்காக?"

"அதுக்காகத்தான். என் ஒரு ஃபாரத்தால நீ போக முடியும்னா போ. அந்தத் தச்சன் நல்லவன்னு உன் பேச்சுலயே தெரியுது. எனக்கு இன்னும் எத்தனை வருஷம் வேலை இருக்கு? அஞ்சு? ஆறு? அதுவரைக்கும் குனிஞ்சுக்கறேன்."

"நீங்க ஒருத்தர் மட்டுமா? இந்த நாட்டுல எத்தனை பேர் அப்படிக் குனிஞ்சுட்டு நிக்கறாங்க தெரியுமா?"

"அவங்க யாரும் எனக்கு மக இல்ல."

லொரெட்டா அடுப்பை அணைத்தாள். குழம்பு கொதிக்கிற சத்தமும் நின்றது.

இலோனா படிவத்தை எடுத்தாள். மாடிக்குப் போய்க் கணினி முன் உட்கார்ந்தாள். அப்பாவின் படிவத்தில் முதல் பக்கத்தில், 'ஆய்வாளரின் தந்தை. பதில்கள் நம்பத்தக்கவை அல்ல. கணக்கில் சேர்க்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். இனி முப்பத்தொன்பதுதான்.

அந்த முப்பத்தொன்பதை, முதல் முறையாக, முடிவு தன்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று பார்க்காமல் படித்தாள். அழுது மேடேறியது எஞ்சின். அதற்கு இந்த ஊர் பெட்ரோல் எஞ்சினைப் போடலாம். பதினோரு நாள் காக்க வைத்தது கடல். வண்டியை இங்கேயே செய்தால் கடல் இல்லை. பார்க்கிங்குக்குத் தாழ்ந்த கூரையில் ஒரு ரகம் போதும். டிரெய்லர் இழுக்கிறவர்களுக்கு இது வேண்டாம் என்று ஒளிக்காமல் சொல்லிவிடலாம். பக்கக் காற்றுக்கு மட்டும் அவளிடம் பதில் இல்லை, அதையும் எழுதினாள். 'வாங்க மாட்டேன்' என்று குறித்தவர்களிலேயே பதினான்கு பேர், வேறொரு பக்கத்தில், உள்ளே நிற்க முடிவதைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தார்கள். ஒரு எலக்ட்ரீஷியன் பெண், 'சாயங்காலம் வீட்டுக்குப் போய் என் மகனைத் தூக்க முடிகிறது' என்றிருந்தாள். இதை இலோனா முன்பே ஒரு முறை வாசித்திருக்கிறாள். வாசித்துவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறாள்.

பொருந்தும், என்று எழுதினாள்.

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அனுப்பினாள்.

கீழே இறங்கி வந்தபோது அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா மட்டும் அடுப்பு மேடையைப் பிடித்தபடி நின்றிருந்தாள். மகளின் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இலோனாவின் கன்னத்தை மாவு ஒட்டிய கையால் தொட்டாள்.

"இதுதான் வேணும்னு தெனமும் வேண்டிக்கிட்டேன்" என்றாள் லொரெட்டா. "இப்ப ஏன்டி எனக்குச் சாப்பாடு எறங்கல?"

இலோனா போனை எடுத்துக்கொண்டு கொல்லைப் படியில் போய் உட்கார்ந்தாள். தூறல் நின்றிருந்தது. முதல் மணியிலேயே ஹென்னிங் எடுத்தான்.

"சொல்லு."

சொன்னாள். சுற்றி வளைக்காமல், மூன்று வருடம் என்பதையும் சேர்த்து.

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று திரையைப் பார்த்தாள். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"அந்த வண்டி அங்க ஓடுமா?" என்று கடைசியில் கேட்டான்.

"ஓடும்."

"நல்லாப் பாத்தியா?"

"இன்னிக்குத்தான் நல்லாப் பாத்தேன்."

"வேற மாதிரி எழுதிட்டு நீ வந்திருந்தா..." அவன் நிறுத்தினான். "வந்திருந்தா நான் கேட்டிருக்க மாட்டேன். சந்தோஷமா இருந்திருப்பேன். அதையும் சொல்லிடறேன்."

"தெரியும்."

"உன் தலையணை இன்னும் வேன்லதான் இருக்கு."

போனில் ஏதோ உரசியது; பிறகு ஒரு சின்ன மூச்சு கேட்டது.

"இலோனா, நான் தூங்கல" என்றாள் ஃபென்யா. "அப்பா ஸ்பீக்கர்ல பேசினாங்க, ஒளிஞ்சு கேட்டேன். மூணு வருஷம் கழிச்சு எனக்கு எத்தனை வயசு?"

"பதினொண்ணு."

"பதினொரு வயசுல தனியா விமானத்துல வர விடுவாங்களா?"

இலோனா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரர் ஏணியில் நின்று கூரையோர மழைநீர்த் தகரத்திலிருந்து இலைகளை வாரிப் போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பிடியாக அவை கீழே விழுந்தன.

போன் கை மாறியது. "அவ கேட்டதுக்கு நீ பதில் சொல்லல" என்றான் ஹென்னிங் மெதுவாக. "இங்கயே நின்னுட்டிருக்கா. என்ன சொல்லட்டும்?"

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றாள் இலோனா. கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, குரலைச் சரி செய்துகொண்டாள். "அவகிட்ட போனைக் குடு. நானே சொல்றேன்."